புத்தகப் பையைச் சோதிக்கும் முன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பெற்றோர் சிலர் கூடிக் கதைக்கும் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. சில வருடங்களாக நானும் அதில் போய் உட்காருகிறேன். புதிதாக வரும் அப்பாமார் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "பொடியன் ஏதும் பாவிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமின் பார்க்க எப்படி இருக்கும், குடு என்கிற ஹெரோயின் அடித்தால் கண் எப்படி மாறும், புத்தகப் பையில் எந்த மூலையில் தேட வேண்டும். போன மாதம் ஒருவர், தங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் யாரோ குடு இழுத்துவிட்டுப் போட்ட எரிந்த ஈயத்தாள் துண்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அவருடைய மகனுக்கு 11 வயது. அவன் அதைத் தொட்டதுகூட இல்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் படியில்தான் ஏறி இறங்குகிறான்.

அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் பையைச் சோதிப்பது பிரச்சினை வந்த பிறகு செய்கிற வேலை. 11 வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குப் போதைப்பொருளின் பெயரையே எடுக்கத் தேவையில்லை. குடும்பம் சார்ந்த தடுப்பு என்று சொல்வது அதைத்தான். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிள்ளையைத் தனியாகப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, பிள்ளையும் பெரியவர்களும் வீட்டில் ஒருவரோடொருவர் பழகும் விதத்தை மாற்றுவது, இதுதான் விசயம். எப்படிச் சொல்கிறோம், எப்படிக் காது கொடுக்கிறோம், வீட்டுச் சட்டத்தை எப்படிப் போடுகிறோம், மீறினால் என்ன செய்கிறோம், நல்லது செய்தால் கண்டுகொள்கிறோமா. சிகரெட், சாராயம், கஞ்சா, போதைக் குளிசை, ஐஸ் என்பவற்றோடு அடிதடி, களவு, பள்ளிக்கூடத்துக்கு ஒளிப்பது, வீட்டில் ஓயாத சண்டை எல்லாவற்றையும் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள் என்று நானும் தொடக்கத்தில் யோசித்திருக்கிறேன். காரணம், வேர்கள் பெரும்பாலும் ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கட்டலானோ ஆகியோர் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 1992இல் ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். இளவயதில் போதைப் பழக்கத்துக்கான ஆபத்தைக் கூட்டுபவை எவை, பிள்ளையைக் காப்பவை எவை என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒட்டுதல் இல்லாமை, தெளிவில்லாத சட்டம், எந்நேரமும் வாய்ச்சண்டை, பெற்றோரே பாவிப்பது, படிப்பில் பின்தங்குவது, பாவிக்கிற நண்பர்கள், அயலில் பொருள் இலகுவாகக் கிடைப்பது... அந்தப் பட்டியலைப் பார்த்தால், அடிதடிக்கும் களவுக்கும் தயாரித்தாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். ஆகவே ஒரு வேரைச் சரிசெய்தால் பல கிளைகளில் வித்தியாசம் தெரியும்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வட்டத்தில் இதைக் கேட்டதும் அழாத அம்மா குறைவு. "அப்ப என்ட வளர்ப்புத்தான் பிழையா?" என்று கேட்பார்கள். இல்லை. பிள்ளையின் பிறவிக்குணம், பள்ளிக்கூடம், தெருமுனை, கூட்டாளிகள், காசு நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. நல்ல வீட்டுப் பிள்ளையும் வழுக்கும், குழப்பமான வீட்டிலிருந்து தங்கமான பிள்ளையும் வரும். தெருமுனையை நாளைக்கே மாற்ற எங்களால் முடியாது, இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றலாம். அதனால்தான் வீட்டிலிருந்து தொடங்குகிறோம்.

சரி, இந்தத் தடுப்பு வேலைக்கு ஏன் 10 வயதிலிருந்து 14 வரை என்று குறிப்பாகச் சொல்கிறார்கள்? பருவம் வந்ததும் மூளையில் ஆசையையும் பரபரப்பையும் தேடும் பகுதி சட்டென்று வேகம் பிடிக்கிறது. நிறுத்திப் பார்க்கச் சொல்லும் முன்பகுதியோ 20களின் நடுப்பகுதி வரை ஆறுதலாகத்தான் முதிர்கிறது. கூட்டாளி பக்கத்தில் நின்றால் இந்த இடைவெளி இன்னும் விரியும்: அமெரிக்க உளவியலாளர்கள் லோரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்ம வயதினர் தனியாக விளையாடியதைவிட அதிகமாக ஆபத்தை எடுத்தார்கள், வளர்ந்தவர்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதோடு, தொடங்கும் வயது முக்கியம். 1990களில் அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 வீதமானோர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள், 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம். முன்கூட்டித் தொடங்குவதுதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் மிடறையும் முதல் இழுப்பையும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட முடிந்தாலே அது பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

இனி இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த, நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிற விசயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் இருந்தார். அவருடைய ஆட்கள் வீடுகளுக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, அம்மா என்ன சொல்கிறார், பிள்ளை என்ன செய்கிறது, அடுத்த கணம் அம்மா என்ன செய்கிறார் என்று வரிசையாகக் குறித்தார்கள். அதிலிருந்து அவர் ஒரு பொறியைக் கண்டுபிடித்தார். நம்முடைய வீட்டில் அது இப்படி இருக்கும்.

இரவு ஏழரை. அம்மா புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, 155ஆம் இலக்கமோ எதுவோ வந்த பஸ்ஸில் நெரிபட்டு வந்து இறங்குகிறார். 12 வயது மகன் போனில். "போனை வைத்துவிட்டுப் படி." அவன் அசையவில்லை. இரண்டாந்தரம் குரல் உயர்கிறது. அவன் திருப்பிக் கத்துகிறான், கொப்பியைத் தூக்கி வீசுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர், இரண்டு கதிரை போட்டால் நிரம்பிவிடுகிற அறை, அடுப்பில் சோறு. "என்னவோ செய்து தொலை" என்று அம்மா விட்டுவிடுகிறார். உடனே வீடு அமைதியாகிறது. அந்த அமைதியில் இரண்டு பேரும் ஒவ்வொரு பாடம் படித்துவிட்டார்கள். போதுமான அளவு கத்தினால் அம்மா விட்டுவிடுவார் என்பது மகன் படித்தது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்பது அம்மா படித்தது. இன்னொரு நாள் அம்மா அகப்பைக் காம்பை எடுத்துவிடுகிறார், மகன் அடங்குகிறான், அன்றைக்கு அம்மா படித்தது அடித்தால் வேலை நடக்கும் என்று. அடுத்தமுறை இருவருமே ஒரு படி மேலிருந்துதான் தொடங்குவார்கள்.

இது ஒரு நாள், இரண்டு நாள் நடப்பதில்லை. வருடக்கணக்கில், நூற்றுக்கணக்கான தடவை. பாட்டர்சன் சொன்னது என்னவென்றால், வீட்டில் இப்படிப் பழகிய பிள்ளை அதையே பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப்போகிறது. ஆசிரியரோடு முட்டுகிறது, படிப்புப் பின்தங்குகிறது, சாதுவான பிள்ளைகள் மெல்ல விலகுகிறார்கள், கடைசியில் மிஞ்சுவது தன்னைப் போல ஒதுக்கப்பட்ட நாலு பேர். முதல் சிகரெட் அநேகமாக அந்த நாலு பேர் நடுவில்தான் பற்றவைக்கப்படுகிறது. போன் சண்டைக்கும் படிக்கட்டில் கிடந்த ஈயத்தாளுக்கும் நடுவில் இப்படி ஒரு நீண்ட பாதை இருக்கிறது, அந்தப் பாதையில் திரும்பிவரக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன என்பதுதான் எனக்கு இதில் நம்பிக்கை தருவது.

பொறியிலிருந்து வெளியே வரும் வழி ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. சமையலறையிலிருந்து கத்தாமல் கிட்டப் போய், ஒரு நேரத்தில் ஒரு விசயத்தை மட்டும், ஒரே வசனத்தில் சொல்வது. கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது சின்னதாகவும் அன்றைக்கே முடிகிறதாகவும் இருக்க வேண்டும். "இன்றிரவு போன் என்னிடம்" என்பதை நிறைவேற்றலாம். "ஒரு மாதத்துக்குப் போனே இல்லை" என்பது திங்கட்கிழமை போட்டால் புதன்கிழமை உடைந்துவிடும், உடைந்த ஒவ்வொரு சட்டமும் அடுத்த சட்டத்தின் பெறுமதியையும் எடுத்துக்கொண்டு போகிறது. அடிப்பது அந்த நேரத்துக்கு வாயை மூடவைக்கும், அதோடு ஒளிக்கவும் கற்றுக்கொடுக்கும்.

இதற்குச் சமமாகத் தேவைப்படுவது பாராட்டு. கண்பட்டுவிடும், தலைக்கனம் வந்துவிடும் என்று நாங்கள் பிள்ளையை முகத்துக்கு நேரே நல்லவிதமாகச் சொல்வதில்லை, என்னுடைய அம்மம்மாவும் சொன்னதில்லை. பெரிதாக எதுவும் வேண்டாம். "தங்கச்சி அழும்போது நீ ரிமோட்டைக் கொடுத்ததைப் பார்த்தேன்" என்றால் போதும். பார்த்தேன் என்பதுதான் அதில் முக்கியமான சொல். 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெற்றோரின் வளர்ப்பு முறைகளைப் பிரித்துக் காட்டியதும் கிட்டத்தட்ட இதே படம்தான். கண்டிப்பு மட்டும் இருக்கிற வீடும் செல்லம் மட்டும் இருக்கிற வீடும் தனித்தனியே தடுமாறுகின்றன, அணைப்பும் கண்டிப்பும் சேர்ந்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள்.

அடுத்தது கண்காணிப்பு. எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று தெரிந்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிரச்சினை குறைவு என்று ஏராளமான ஆய்வுகள் சொல்லியிருந்தன, எல்லோரும் "ஆகவே நன்றாகக் கண்காணியுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். சுவீடனில் ஹொகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஒரு படி முன்னால் போனார்கள். சரி, அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிகிறது? 2000இல் வெளிவந்த விடை: துருவித் துருவிக் கேட்பதாலோ கட்டுப்படுத்துவதாலோ தெரிந்தது கொஞ்சம்தான், பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொன்னதால்தான் தெரிந்தது.

இதை முதலில் வாசித்த அன்று நான் நிறைய நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு டியூஷனுக்குப் போகிற மகனைப் போனில் இடம்காட்டி வைத்துப் பின்தொடரும் அப்பாமாரை எனக்குத் தெரியும். போனை வகுப்பில் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுக் கடற்கரைத் தண்டவாளப் பக்கம் போகிற பிள்ளையையும் தெரியும். ஆக, எங்கள் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இந்த வீட்டில் ஒரு விசயத்தைச் சொல்வது பிள்ளைக்கு லாபமா நட்டமா?

"அம்மா, எங்கட வகுப்பில ஒருத்தன் பாபுல் போடுறான்" என்று ஒரு பிள்ளை வந்து சொல்கிறது (பாபுல் என்பது வாயில் போட்டு மெல்லும் புகையிலைக் கலவை). வழக்கமான பதில், "யாரவன்? அவனோட சேராத! நாளைக்கே நான் டீச்சர்கிட்ட சொல்றேன்." அந்தப் பிள்ளை இனிமேல் சொல்லாது. அதற்குப் பதிலாக, "அப்படியா? நீ என்ன நினைச்ச?" என்று கேட்டுவிட்டு ஒரு மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்த மூன்று நிமிடம்தான் பெற்றோருக்கு மிகக் கடினம், அதற்குத்தான் நாங்கள் வட்டத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பழகிப் பார்க்கிறோம். விசாரிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய், இந்த மூன்றும் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டியவை. விடை உண்மையாக வரும்படி வீடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த ஈயத்தாள் அப்பா ஒரு திரீவீலர்க்காரர். அவருக்கு நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: மகனை வகுப்பிலிருந்து கூட்டி வருகிற அந்தக் கால் மணித்தியாலத்தில் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். மூன்று கிழமை அவர் வந்து "அவன் ஒன்றும் கதைக்கிறான் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது கிழமை மகன் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் வகுப்பாக நடத்தும் திட்டங்கள் உலகத்தில் பல இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது, 1980களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கரோல் கும்ஃபர் என்ற உளவியலாளர் தொடங்கிய, 'குடும்பங்களை வலுப்படுத்தல்' என்று நாம் சொல்லக்கூடிய திட்டம். அதை 10 முதல் 14 வயதுக்காக ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாற்றி எழுதினார்கள். ஏழு கிழமை, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். முதல் மணித்தியாலம் பெற்றோர் ஒரு அறையில், பிள்ளைகள் இன்னொரு அறையில். இரண்டாவது மணித்தியாலம் இரு தரப்பும் ஒன்றாக, விளையாட்டும் பேச்சுமாக. ஐயோவாவில் ரிச்சர்ட் ஸ்போத் குழு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தபோது, பங்குபற்றிய குடும்பத்துப் பிள்ளைகள் குடியையும் மற்றவற்றையும் தொடங்குவது தாமதமாகியிருந்தது. ஆனால் பின்னர் சுவீடனிலும் போலந்திலும் சோதித்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. தென்னாபிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் ஏழைக் குடும்பங்களோடு செய்த வேறொரு திட்டம், 2018இல் முடிவுகள் வந்தது, பிள்ளைகளை அடிப்பதைக் குறைத்தது, பெரியவர்கள் பிள்ளைகள் இரு தரப்பின் குடியையும் போதையையும் குறைத்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வெளியிலிருந்து வந்த புத்தகத்தை அப்படியே விரித்துவைத்தால் நடக்காது, எங்கள் வீட்டு நேரத்துக்கும் எங்கள் பேச்சுக்கும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

செய்யக்கூடாதவையும் இருக்கின்றன, இவற்றில் சில நல்ல மனதோடு செய்யப்படுகின்றன என்பதால் சொல்லியே ஆக வேண்டும். கருகிய நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவது, முன்பு பாவித்தவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் குற்ற அலுவலகம் 2013இல் வெளியிட்டு, 2018இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த தடுப்புத் தராதரங்கள், இவை தனியே பலன் தருவதில்லை, சிலவேளை எதிர்ப்பலனும் தரலாம் என்கின்றன. அப்புறம், குழப்படிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரு முகாமில் ஒன்றாகப் போடுவது. தோமஸ் டிஷன் என்ற அமெரிக்க உளவியலாளர் அப்படிப் பதின்ம வயதினரைக் குழுவாகச் சேர்த்துத் திறன் கற்பித்துப் பார்த்தார். பிறகு பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் புகைத்தல் கூடியிருந்தது. ஒருவர் சொன்ன குழப்படிக் கதைக்கு மற்றவர்கள் சிரித்த சிரிப்பே அங்கே பரிசாகிவிட்டது.

வீட்டுக்குள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும். "கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று 10 வயதுப் பிள்ளையை அனுப்புகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் சாராயமும் விற்பது குற்றம், ஆக அந்தப் பிள்ளையை அனுப்பிக் கடைக்காரரைச் சட்டத்தை மீறவைக்கிறோம். கலியாண வீட்டுப் பின்பக்கத்தில் மாமாமார் குடிக்கும்போது சோடாவும் கடலையும் எடுத்துக்கொடுப்பது மருமகன். "வீட்டிலேயே கொஞ்சம் ருசி பார்த்தால் வெளியில் போய்க் கெடமாட்டான்" என்றும் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவில் 6 வருடம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், பெற்றோர் கையால் மது கிடைத்ததால் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை, பிறரிடமிருந்து மது பெறுவது பின்னர் கூடத்தான் செய்தது. குடிக்கிற அப்பா உடனே நிறுத்தமுடியாமல் இருக்கலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல் இருக்க இன்றைக்கே முடியும், வெறியில் வந்த இரவில் மகனுக்குப் புத்தி சொல்லாமல் இருக்கவும் முடியும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாமாரின் நிலைமை இன்னும் சிக்கல். பிள்ளை அம்மம்மாவிடம், சட்டம் மட்டும் குவைத்திலிருந்து வீடியோ அழைப்பில் வருகிறது, குற்ற உணர்வில் காசும் போனும் கேட்டபடி வருகின்றன. அம்மம்மா "வேண்டாம்" என்றதை அம்மா "சரி" என்றால், அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மம்மாவின் வார்த்தைக்கு மதிப்பில்லை. நாங்கள் சொல்வது, பிள்ளைக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு பெரியவர்களும் தனியாக ஒரு தடவை கதைத்துக்கொள்ளுங்கள் என்று.

ஒரு தொடர்மாடியில் நாலு வீட்டு அம்மாமார் ஒருவருடைய இலக்கத்தை ஒருவர் வைத்துக்கொண்டு, இரவு எத்தனை மணிக்குப் பிறகு பிள்ளைகள் கீழே நிற்கக்கூடாது என்று ஒரே நேரத்தை முடிவுசெய்தால், "மற்ற எல்லாரையும் விடுறாங்க" என்ற வாதமே எடுபடாது. ஐஸ்லாந்தில் பெற்றோர் இப்படி ஊர் ஊராக உடன்பட்டார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு செலவழித்தது, இரவில் பிள்ளைகள் வெளியே நிற்கும் நேரத்துக்கு வரம்பு இருந்தது. 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்தில் வெறிக்கக் குடித்தவர்கள் 1998இல் 42 வீதம், 2016இல் 5 வீதம்.

இனி, ஏற்கெனவே பாவிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை. இங்கே மேலே சொன்னவை மட்டும் போதாது, உதவி தேட வேண்டும், வெட்கத்தில் மாதங்களை விடாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம். மனநலத்துக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் போதைப் பழக்கத்துக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது, குடும்பத்தினரோடும் கதைப்பார்கள்.

அப்படி ஒரு வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதைப் பற்றியும் கேட்பேன். அண்ணனுக்காக அம்மா ஓடுகிறார், அப்பா கடன் வாங்குகிறார், வீட்டில் கதைப்பதெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். 11 வயதுத் தம்பி ஒரு தொந்தரவும் தராமல், தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தானே சட்டையை மினுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். "அவன் பிரச்சினை இல்லை, அவன் நல்ல பிள்ளை" என்பார்கள். இன்றிரவு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.